நாலு மாதம் மூத்த தங்கை

தலைப்பிரசவத்துக்காக நான் மயிலாப்பூரில் வந்து இறங்கிய அன்றே அப்பா என்னை உள்ளே கூப்பிட்டுத் தெருப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார். வைகாசி மாத வெயில். சாத்தின ஜன்னலுக்குள் வியர்த்துக் கொட்டியது. கல்யாணமாகி ஒன்றரை வருஷம் கழித்து வரும் பெண்ணிடம் ஏதோ ரகசியமாக விசாரிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"யாராவது என் வயசு என்னன்னு கேட்டா என்ன சொல்லுவே?" என்றார்.

"அம்பத்தஞ்சு நடக்கறதுன்னு சொல்லுவேன்."

"நடக்கறதுன்னு சொல்லாதே, அது ஜோசியன் பேச்சு. இன்னும் அம்பத்தஞ்சு ஆகலேன்னு சொல்லு. யார் கேட்டாளோ அவா பேரை எங்கிட்ட வந்து சொல்லு."

அப்பாவுக்கு இரண்டு வயது உண்டு என்பது சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். ஜாதகப்படி ஆங்கிரஸ வருஷம் ஐப்பசியில் பிறந்தவர். ஆபீஸ் புஸ்தகப்படி அதற்கு ஐந்து வருஷம் தள்ளி, ஈசுவர வருஷம் ஐப்பசியில் பிறந்தவர். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் மூன்று தடவை தவறி, நாலாவது தடவை தேறி, உத்தியோகத்துக்கு மனுப்போடப் போனபோது அவருக்கு இருபத்தேழு ஆகியிருந்தது. சர்க்காரிலே இருபத்தைந்துக்கு மேல் எடுக்க மாட்டார்கள். அவருடைய சித்தப்பா ஒருவர் மாதத்தையும் தேதியையும் தொடாமல் வருஷத்தை மட்டும் மாற்றி எழுதிக் கொடுத்தார். அந்தக் காலத்தில் நிறையப் பேர் அப்படிச் செய்தார்கள். யாரும் அதைத் திருட்டு என்று நினைக்கவில்லை. சர்வீஸ் புஸ்தகம் என்று ஒன்று ஆபீஸில் இருக்கும். அதில் அந்தப் பொய் வயதுக்கு எதிரே அப்பா கையெழுத்துப் போட்டார். முப்பத்துமூன்று வருஷம் கழித்து, கடற்கரைப் பக்கம், சர்க்கார் உத்தியோகஸ்தர்களின் பென்ஷன் கணக்கையெல்லாம் பார்க்கும் ஒரு பெரிய ஆபீஸில் சூப்பரிண்டெண்டாக இருந்தார்.

ஐம்பத்தைந்து முடிந்தால் வீட்டுக்குப் போக வேண்டியது என்பது விதி. ஆனால் குமாஸ்தா வர்க்கத்தில் இருப்பவர், வேலைக்குத் தெம்பாக இருந்தால் அறுபது வரைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று அதே விதியில் ஒரு சலுகையும் இருந்தது. அப்பா அந்தச் சலுகைக்கு மனுக் கொடுத்திருந்தார். சர்க்கார் ஆட்குறைப்பில் மும்முரமாக இருந்த சமயம் அது. அவருக்குக் கீழே ஆறேழு வருஷமாகப் பதவி நிரந்தரமாகாமல் ஆக்டிங்கிலேயே இருந்த குமாஸ்தாக்கள் எல்லாம் அவர் நாற்காலி எப்போது காலியாகும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் அப்பாவுக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். பால்காரர் ஒருநாள், "சாமிக்கு ரிட்டேரு எப்போ?" என்று சும்மா கேட்டுவிட்டார். மறுநாளிலிருந்து வேறு பால்காரர். எதிர்வீட்டுப் பென்ஷன்காரர் எங்கள் வாசலைப் பார்த்தபடி நாற்காலி போட்டுக்கொள்கிறார் என்று சொல்லி, முன்பக்கம் மூங்கில் தட்டி கட்டினார். அவர் ஜாதகம் அலமாரியிலிருந்து அரிசி டிரம்முக்குள் போயிற்று.

எனக்கு இதில் ஒன்றுதான் கஷ்டமாக இருந்தது. தாது வருஷப் பஞ்சத்தில், நாலைந்து வயதுப் பிள்ளையாக, தன் பாட்டனார் கைப்பிடித்துக் கஞ்சித்தொட்டிப் பக்கம் போய் நின்றதை அப்பா எங்களுக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். ஒரு பெண்பிள்ளை ஓட்டுச்சட்டியை நக்கிக்கொண்டிருந்ததைச் சொல்லிவிட்டு, எங்கள் இலையில் ஒரு பருக்கை மீதியில்லாமல் பார்த்துக்கொள்வார். ஒருநாள் சாப்பிடும்போது நான் அந்தக் கதையை எடுத்தேன். அப்பா சட்டென்று, "நான் அப்போ பொறக்கவே இல்லை. யாரோ சொல்லிக் கேட்டது" என்றார். பரிமாறிக்கொண்டிருந்த அம்மா கரண்டியோடு நின்றுவிட்டாள்.

அம்மாவின் கவலை வேறு. ஐப்பசியில் அப்பாவுக்கு நிஜமாகவே அறுபது பூர்த்தி. அப்பாவின் தகப்பனாரும் மூத்த அண்ணாவும் அறுபதைத் தாண்டவில்லை. பங்குனி மாதம், நான் வருவதற்கு முன்னால், டிராமிலிருந்து இறங்கும்போது அப்பா மார்பைப் பிடித்துக்கொண்டு லஸ் முனையிலே உட்கார்ந்துவிட்டாராம். யாரோ சோடா வாங்கிக் கொடுத்து, கை ரிக்ஷாவில் ஏற்றி அனுப்பினார்கள். டாக்டரிடம் போக மாட்டேன் என்றுவிட்டார். டாக்டர் சீட்டு ஆபீஸுக்குத் தெரிந்தால் தெம்பில்லாதவர் என்று எழுதிவிடுவார்களாம்.

"ஏன்னா, சாந்தியாவது பண்ணிண்டுடலாம். பத்திரிகை வேண்டாம், மேளம் வேண்டாம்" என்று அம்மா கெஞ்சுவாள்.

"அறுபதாம் கல்யாணம் பண்ணிண்டவனுக்கு எந்த மடையன் எக்ஸ்டென்ஷன் குடுப்பான்? தெருவுக்கே தெரியறதுக்கு ஒரு ஹோமப் புகை போறுமே!"

"வேலையை விட்டுட்டா என்ன? ஆத்துல இருங்கோளேன்."

"இருந்து? குளக்கரையிலே கையைக் கட்டிண்டு உக்காந்திருக்காளே, அவாளோட நானுமா?"

அம்மா அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள்.

இந்த நிலைமையில்தான் ஆனி மாதம் அத்தை வந்தாள். அப்பாவுக்கு ஒரே தங்கை, அவருக்கு ஐந்து வயது இளையவள். பதினோரு வயதில் கணவனை இழந்து, ஊரார் ஏச்சுக்கு நடுவிலே படித்து, சர்க்கார் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாரம்மாவாக முப்பது வருஷம் வேலை பார்த்தவள். தியாகராய நகரில், அப்போதுதான் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த ஒரு தெருவில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தாள். குடையும் மூக்குக்கண்ணாடியும் இல்லாமல் அவளை நான் பார்த்ததில்லை. பதினாலு வயதுக்கு முன்னால் பெண்ணுக்குக் கல்யாணம் கூடாது என்ற சாரதா சட்டம் வந்த புதிதில் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குப் பதினாலு என்று எழுதிக் கொடுக்கச் சொல்லிப் பெரிய மனிதர்கள் வந்து நின்றபோது, "பொண்ணுக்கு வயசு நான் பெத்துப் போட முடியாது" என்று அனுப்பியவள் என்று பெயர்.

அன்று அவள் முகம் மலர்ந்திருந்தது. "அண்ணா, எனக்கு அம்பத்தஞ்சு முடிஞ்சுடுத்து. பென்ஷன் காகிதமெல்லாம் பூர்த்தி பண்ணியாச்சு. நாளைக்கு எங்க தலைமையம்மா உங்க ஆபீஸுக்குத்தான் அனுப்பறா" என்றாள்.

அப்பாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். "என்ன வருஷம் போட்டிருக்கே?"

"ஈசுவர வருஷம் ஆனி. வேறென்ன போடறது?"

"தகப்பனார் பேர்? ஊர்?"

"நம்ம அப்பா பேர்தான். நம்ம ஊர்தான். ஏன்?"

அப்பா எழுந்துபோய்த் தட்டியை விலக்கித் தெருவைப் பார்த்துவிட்டு வந்தார். "என்னுதும் ஈசுவர வருஷம். ஐப்பசி. நீ ஆனி. ஒரே தகப்பனுக்கு, ஒரே ஊர்லே, நாலு மாசத்திலே ரெண்டு குழந்தை. அதிலே நீ மூத்தவ. ரெண்டு காகிதமும் ஒரே மேஜைக்கு வரும். எவன் கண்ணிலாவது பட்டா என் கதி என்ன ஆகும்னு தெரியுமா? வேலை மட்டுமில்லை, பென்ஷனும் போயிடும்."

அத்தை குடையைச் சுவரோரம் சாத்தினாள். பிறகு, "நான் என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

"காகிதத்தை நிறுத்தி வை. என் எக்ஸ்டென்ஷன் ஆர்டர் கைக்கு வரட்டும்."

"அது எப்போ வரும்?"

"எனக்கென்ன தெரியும்? மூணு மாசம், ஆறு மாசம்."

"அண்ணா, நேத்தோட எனக்கு வேலை முடிஞ்சாச்சு. எதுக்கு நிறுத்தறேன்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல? பொய் சொல்லத் தெரியாமத்தான் இத்தனை நாள் தள்ளியிருக்கேன்."

"அப்போ நான் பொய்யன், நீ சத்தியசந்தை."

"நான் அப்படிச் சொல்லலை."

அம்மா கொண்டுவந்த காப்பியைக் குடிக்காமல் அத்தை குடையை எடுத்துக்கொண்டாள்.

சரியாக ஒன்பது நாள் கழித்து ஆபீஸ் சேவகர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். நான்தான் வாசலுக்குப் போனேன்.

"அம்மா, ஐயா கீறாரா? துரை அர்ஜெண்டா கூப்ட்டு வரச் சொன்னாரு."

"எதுக்காம்?"

சேவகர் இரண்டு பக்கமும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இன்னாமோ மொட்டைக் கடுதாசி வந்துக்கீதாம். ஐயா வயசைப் பத்தி. எல்லாரும் அதையே பேசிக்கினு கீறாங்க. ஐயாவுக்கு மெய்யா இன்னா வயசும்மா?"

"இன்னும் அம்பத்தஞ்சு ஆகலை" என்றேன். எனக்குச் சொல்லிக் கொடுத்தது அப்படியே வாயில் வந்தது. ஆனால் அந்தச் சேவகர் சும்மா கேட்கிறாரா, யாரோ சொல்லிவிட்டுக் கேட்கிறாரா என்று அன்றைக்கு முதன்முதலாக எனக்கும் சந்தேகம் தட்டியது. அப்பாவின் வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அப்பா திரும்பி வந்தபோது அங்கவஸ்திரத்துக்குள் ஒரு காகிதத்தை மடித்து வைத்திருந்தார். தஸ்தாவேஜுகளைக் காக்கும் குமாஸ்தாவைப் பிடித்து, மறுநாள் காலை திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கி வந்த அந்தக் கடிதம்தான் அது. விளக்கேற்றியாகிவிட்டது. அம்மா கொல்லைப் பக்கம் இருந்தாள். அப்பா கூடத்தில் பாயை விரித்து, பெட்டியிலிருந்து அத்தை எழுதின பழைய கடிதங்களை எல்லாம் எடுத்துப் பரப்பினார்.

"இங்கே வா. உனக்குக் கண் நன்னாத் தெரியும். ரெண்டும் ஒரே எழுத்தான்னு பாரு."

"அத்தையா? அத்தை அப்படிச் செய்வாளா, அப்பா?"

"ஏன் செய்ய மாட்டா? எங்க ஆபீஸ்லே எவனாவது எழுதினா இங்கிலீஷ்லே எழுதுவான். இது தமிழ். அதுவும் தப்பில்லாத தமிழ். ஆங்கிரஸ வருஷம், ஐப்பசி, நட்சத்திரம் எல்லாம் போட்டிருக்கு. என் நட்சத்திரம் தெரிஞ்ச தமிழ்ப் பண்டிதை இந்தப் பட்டணத்திலே வேறே யாரு? நான் கேட்டுண்டதுக்கு ஒன்பதே நாள். இத்தனையும் பண்ணிட்டு, மொட்டைக் கடுதாசிக்குப் பிள்ளையார் சுழி வேறே!"

கடிதத்தை என் கையில் கொடுத்தார். "மகாராஜராஜஸ்ரீ துரையவர்கள் சமூகத்துக்கு" என்று ஆரம்பித்திருந்தது. இன்னாருக்கு இந்த ஐப்பசியோடு அறுபது வயது பூர்த்தியாகிறது, உடம்பு தளர்ந்துபோயிருக்கிறது, வழியிலே மயங்கி விழுகிறார், ஆகையால் தயவுசெய்து அவரை மரியாதையோடு வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று எழுதி, கீழே "உண்மை விளம்பி" என்று முடித்திருந்தது.

முதல் வரியைப் படிப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளையார் சுழிக்குக் கீழே இரண்டு கோடு இழுத்து, அந்தக் கோட்டின் நுனியில் ஒரு புள்ளி வைப்பவள் என் அம்மா. மளிகைச் சாமான் ஜாபிதாவுக்கும் அப்படித்தான் போடுவாள். என் புக்ககத்துக்கு மாதம் இரண்டு கடிதம் அந்தச் சுழியோடுதான் வரும். "ளை" எழுதும்போது, அந்தக் கால எழுத்தில் முன்னால் வரும் துதிக்கைச் சுழியைக் கீழே வரைக்கும் இழுத்து விடுவதும் அவளுடைய வழக்கம். ஜாபிதா நேரே கடைக்குப் போகும். கடிதம் எனக்கும் மாமாவுக்கும் வரும். அப்பா முப்பத்துநாலு வருஷம் குடித்தனம் பண்ணியும் அம்மாவின் எழுத்தைப் பார்த்ததே இல்லை. பார்க்கவேண்டிய அவசியம் அவருக்கு வந்ததில்லை.

"என்ன, ஒரே எழுத்துதானே?" என்றார் அப்பா.

இல்லை என்று சொன்னால் பின்னே யார் என்று கேட்பார். "சரியாத் தெரியலை அப்பா" என்றேன்.

"அதான், மாத்தி எழுதியிருக்கா. கெட்டிக்காரி" என்று அவரே முடிவு பண்ணிக்கொண்டார். அத்தையின் கடிதங்களை மறுபடி பெட்டியில் வைக்கவில்லை. கொண்டுபோய் வெந்நீர் அடுப்பில் போட்டார். "இனிமே அவ இந்தப் படி ஏறக்கூடாது. நீங்க யாரும் அங்கே போகவும் கூடாது."

மறுநாள் அப்பா ஆபீஸுக்குப் போனதும் நான் சமையலறைக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். அவள் மறுக்கவில்லை. அரிவாள்மணையை மடக்கி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள்.

"நிஜ வயசு தெரிஞ்சா, பாவம் பெரியவர்னு மாலை போட்டு அனுப்பிடுவான்னு நினைச்சேன். பென்ஷன் போயிடும்னு அன்னிக்கு உங்க அத்தைகிட்டச் சொன்னபோது நான் அடுப்பங்கரையிலே இருந்தேன். எனக்குச் சரியாக் காதிலே விழலைடீ. கோவில் பக்கத்துத் தபால் பெட்டியிலே நானே போய்ப் போட்டேன்."

"அத்தைதான் எழுதினதா அப்பா சொல்றார்."

"தெரியும்."

"தெரிஞ்சும் சும்மா இருக்கியே!"

"நான்தான்னு சொன்னா அவர் மாரைப் பிடிச்சுண்டு விழுந்துட்டா?" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு நானும் சும்மா இருந்தேன். பதினாறு நாள். இப்போது நினைத்தாலும் அந்தப் பதினாறு நாளைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அப்பா சாப்பாட்டுக்கு உட்காரும்போதெல்லாம் அத்தையைத் திட்டுவார். விதவைக்குப் படிப்பு வைத்தது தப்பு என்றார். தன் சம்பாத்தியத்தில் இருப்பவளுக்கு அண்ணன் எதற்கு என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு மோர் ஊற்றுவாள். நான் அம்மாவைப் பார்ப்பேன். அம்மா என்னைப் பார்க்க மாட்டாள். அவள் வேறு என்னவெல்லாம் எங்களுக்குத் தெரியாமல் செய்திருப்பாள் என்றுகூட எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. பெற்ற தாயைப் பற்றி அப்படி நினைக்கிற வீட்டில் நான் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

ஆடி பிறந்ததும் விசாரணை முற்றியது. ஜாதகம் எங்கே என்று கேட்டார்கள். ஊரில் வெள்ளத்தில் போய்விட்டது என்று அப்பா எழுதிக் கொடுத்தார். அதற்குள் அத்தையின் பென்ஷன் காகிதமும் அந்த ஆபீஸுக்கு வந்து சேர்ந்தது. அப்பா பயந்தபடியே யாரோ ஒரு ஆக்டிங் குமாஸ்தா தகப்பனார் பேரையும் ஊரையும் பார்த்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டான். அண்ணனும் தங்கையும் நாலு மாத வித்தியாசத்தில் பிறந்தது எப்படி என்று விளக்கம் சொல்ல, உதவி அதிகாரி முன்னால் அத்தை திங்கட்கிழமை நேரில் வரவேண்டும் என்று உத்தரவு போயிற்று. அப்பா அன்று வந்து, "முடிஞ்சுது. அவ கையிலே கத்தியைக் குடுத்துட்டான்" என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றாமல் படுத்துக்கொண்டார்.

மறுநாள் கோவிலுக்கு என்று சொல்லிவிட்டு, எட்டாம் மாத வயிற்றோடு நான் ரிக்ஷா ஏறினேன். தியாகராய நகருக்குப் பழைய பேரான மாம்பலத்தைச் சொன்னதும் ரிக்ஷாக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இம்மாம் தூரம் இந்த நெலமைல தனியா போறியேம்மா, வூட்ல சொல்லிக்கினுதான் வந்தியா?" என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். அவர் நம்பவில்லை. ஆனால் குழிகளில் எல்லாம் இறங்காமல் மெல்ல இழுத்துக்கொண்டு போனார்.

அத்தை வாசல் குறட்டில் ஒரு கொடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். ஏரியைத் தூர்த்த இடம். மண் எங்கே தோண்டினாலும் கிளிஞ்சலாக வரும் என்று சொல்லிக்கொண்டே என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். நான் உட்காரக்கூட இல்லை.

"அத்தை, கடுதாசி எழுதினது அம்மா. நீதான்னு அப்பா நினைச்சிண்டிருக்கார். நான் தெரிஞ்சும் சொல்லலை" என்று அழுதுவிட்டேன்.

"மன்னியா?" என்றாள் அத்தை. "மன்னிக்கு எதுக்கு?"

டிராமில் நடந்ததைச் சொன்னேன். லஸ் முனையில் உட்கார்ந்ததை, டாக்டரிடம் போக மறுத்ததை, அம்மா ராப்பகலாக அவர் மூச்சைக் கவனித்துக்கொண்டிருப்பதைச் சொன்னேன். அத்தைக்கு இது ஒன்றும் தெரியாது. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தாள்.

"அண்ணாவுக்கு மார் வலியா? எங்கிட்ட ஏன் யாரும் சொல்லலை?"

"அப்பா யார்கிட்டவும் சொல்லப்படாதுன்னுட்டார்."

"சந்தேகம் பிடிச்ச மனுஷன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு எனக்கு மோர் கரைத்துக் கொடுத்து, அதே ரிக்ஷாவில் ஏற்றி, "நீ இங்கே வந்ததை ஒருத்தர்கிட்டவும் சொல்லாதே. உங்கம்மாகிட்டவும்" என்று அனுப்பினாள். திங்கட்கிழமை என்ன சொல்லப் போகிறாள் என்று நான் கேட்டதற்கு, "கேக்கறதைப் பொறுத்து" என்றாள்.

திங்கட்கிழமை நடந்ததை அத்தை வாயாலேயே பிற்பாடு கேட்டேன். உதவி அதிகாரி மரியாதைப்பட்டவர். நாற்காலி போடச் சொன்னாராம். இரண்டு காகிதத்தையும் அவள் பக்கம் திருப்பி வைத்து, இது எப்படி என்று கேட்டாராம்.

"எங்கப்பாவுக்கு ரெண்டு சம்சாரம். அவர் மூத்தாள் பிள்ளை. நான் இளையாள் பொண்ணு" என்று அத்தை சொன்னாள்.

"அப்படியானால் நீங்கள் அவரைவிட நாலு மாதம் மூத்தவர். ஆனால் அண்ணா என்று சொல்கிறீர்களே?"

"மூத்தாள் பிள்ளை இல்லையா? எங்க பக்கத்திலே மரியாதைக்கு அப்படித்தான் கூப்பிடறது."

"ஆங்கிரஸ வருஷம் என்று கடிதத்தில் இருக்கிறதே?"

"கையெழுத்துப் போட தைரியமில்லாதவா எழுதினதுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

முப்பது வருஷம் வாத்தியாராக இருந்தவள், ஒரு பெண்ணுக்குக்கூட வயதை மாற்றி எழுதாதவள் என்று அந்த அதிகாரிக்கும் தெரிந்திருந்தது. அவருடைய மருமாளே அத்தையிடம் படித்தவளாம். எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினார். அத்தை வெளியே வந்தபோது வராந்தாவில் அப்பா நின்றிருந்தார். அவள் அவரைப் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டாள். பிறகு அதிகாரி அப்பாவைக் கூப்பிட்டு, "உங்கள் சிற்றன்னையின் மகள் எல்லாவற்றையும் விளக்கிவிட்டார்" என்றாராம்.

அன்று அப்பா வீட்டுக்கு வந்து கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். கால்கூடக் கழுவவில்லை. "அம்மாவையே இல்லேன்னு சொல்லிட்டா. எனக்காக" என்று இரண்டு தடவை சொன்னார். "கடுதாசியும் எழுதிட்டு, இதையும் ஏன் செய்யணும்? இதிலே என்ன சூது இருக்கோ தெரியலையே."

அதைக் கேட்டதும் அம்மா விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள். "சூதெல்லாம் ஒண்ணுமில்லை. கடுதாசி எழுதினது நான்" என்றாள்.

அப்பா அவளைப் பார்த்தார். நான் அவருடைய மார்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. "உனக்கு இவ்வளவு நன்னா எழுத வருமா?" என்று கேட்டார். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குமேல் அம்மாவோடு நேராகப் பேசவில்லை. ஜலம் வேண்டுமென்றாலும் என்னிடம்தான் கேட்பார்.

ஆவணியில் எனக்குப் பெண் பிறந்தாள். அடுத்த நாளே அப்பா கார்ப்பரேஷன் ஆபீஸுக்குத் தானே போய், நாள், மணி, நிமிஷம் எல்லாம் சொல்லிப் பதிந்துவிட்டு வந்தார்.

உத்தரவு புரட்டாசியில் வந்தது. உத்தியோகத்தில் சேரும்போது எழுதிக் கையெழுத்திட்ட பிறந்த தேதியை மாற்ற முகாந்திரம் இல்லை. மொட்டைக் கடிதத்தின் மேல் நடவடிக்கையும் இல்லை. சிக்கனத்தை உத்தேசித்து எக்ஸ்டென்ஷன் மட்டும் கொடுப்பதற்கில்லை. ஐம்பத்தைந்து முடிகிற தினத்தில் ஓய்வு. எந்தக் கடிதமும் யாரும் எழுதாமல் இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று அப்பாவின் சிநேகிதர் ஒருவர் சொன்னார். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

ஐப்பசியில் அடைமழை. மயிலாப்பூர்ப் புரோகிதர்களை நம்பாமல் அப்பா திருவல்லிக்கேணியிலிருந்து ஒருவரை அழைத்து வந்தார். கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, புகை வெளியே போகாமல் எங்கள் கண்ணெல்லாம் எரிய, சாந்தி நடந்தது. அறுபது வருஷம் சுற்றி மறுபடி வந்திருந்த ஆங்கிரஸ வருஷத்தின் பெயரைச் சொல்லும் இடத்தில் புரோகிதர் குரலை அப்பா கையமர்த்தினார். மேளம் இல்லாமல் அம்மா கழுத்தில் மறுபடி தாலி கட்டினார். அதற்கு முந்தின நாள் தியாகராய நகருக்குப் போய் அத்தையை அவரே கூப்பிட்டிருந்தார். காப்பி கொடுத்தாளாம். வரமாட்டேன் என்றாளாம். விதவை என்பதால் வரவில்லை என்று அப்பா எங்களிடம் சொன்னார். அது காரணமில்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பென்ஷன் உத்தரவான பிறகும் அப்பா மாறவில்லை. தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும் வரைக்கும் தட்டிக்குப் பின்னாலேயே நிற்பார். அம்மா பென்சிலைக் கையில் எடுத்தால், "என்ன எழுதறே?" என்பார். சாமான் ஜாபிதாவை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கடைக்கு அனுப்புவார். அந்த வழக்கம் கடைசி வரைக்கும் இருந்தது. பதினோரு வருஷம் பென்ஷன் வாங்கினார்.

தை மாதத்தில் அப்பாவுக்கும் அத்தைக்கும் தாயாரான என் பாட்டியின் சிராத்தம் வரும். எத்தனையோ வருஷமாக அத்தை முந்தின நாளே வந்து, மடியாகச் சமையலுக்கு நிற்பாள். அந்தத் தையில் அவள் வரவில்லை. நான் கைக்குழந்தையோடு கணவர் ஊருக்குக் கிளம்புமுன் அவளைப் பார்க்கப் போனேன்.

"அப்பா வழியைப் பார்த்துண்டிருந்தார், அத்தை. வந்திருக்கலாமே."

அத்தை குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். "என்னைப் பெத்தவளை, அவ என் தாயார் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். அவ திதிக்கு நான் எந்த முகத்தோட வந்து நிப்பேன்?"

"அது ஆபீஸுக்காகச் சொன்னது."

"வருஷம் மாத்தி எழுதினதும் ஆபீஸுக்காகத்தான்" என்றாள்.

அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. குழந்தைக்கு என்ன நட்சத்திரம், எத்தனை மணிக்குப் பிறந்தது என்று கேட்டாள். சொன்னேன். ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு, மடித்து, தன் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தாள். அப்பா இருந்த வரைக்கும் அவள் மயிலாப்பூர் வீட்டுக்கு வரவில்லை. அவர் போன அன்று வந்தாள். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கூட்டம் கலைகிற வரைக்கும் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வந்தவர்களில் ஒருவர், போனவருக்கு என்ன வயது என்று விசாரித்தார். அம்மா பழக்கத்தில் என் முகத்தைப் பார்த்தாள்.

"எழுபத்தொண்ணு. என்னைவிட அஞ்சு வயசு மூத்தவர்" என்றாள் அத்தை.